மாலை ஆறரை முதல் பத்தரை வரை

"கரண்ட கொறச்சு எரிச்சா காசு தர்றாங்களாமே, நெசமாங்க?"

தோட்டங்களுக்குப் போகும்போது இந்தக் கேள்வியை இப்போது பல பேர் நம்மிடம் கேட்கிறார்கள். ஒருவர் போனில் வந்த வீடியோவில் பார்த்தாராம். இன்னொருவருக்கு வெளிநாட்டில் இருக்கும் சொந்தக்காரர் சொன்னாராம். கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டு வாசலில் உட்கார்ந்த ஒரு அக்கா, "அப்படின்னா எங்களுக்குத்தான் மொதல்ல குடுக்கணும், எங்க வீட்டுல இருக்கிறதே ரெண்டு பல்புதான்" என்று சிரித்தார். அவர் சிரிப்புக்காகச் சொன்ன அந்த வார்த்தையில் பெரிய விஷயம் இருக்கிறது. அதற்குப் பிறகு வருவோம்.

கேள்விக்கு நேரான பதில் இதுதான். ஆமாம், சில நாடுகளில் அப்படித் தந்திருக்கிறார்கள். வெறுமனே குறைத்தால் போதாது, குறிப்பிட்ட நேரத்தில் குறைக்க வேண்டும். நமது லயங்களுக்கு அப்படி ஒரு திட்டம் இல்லை. ஆனாலும் மாலை நேரத்துக் கரண்டுக்கு ஏன் இவ்வளவு மவுசு என்பதை நாம் தெரிந்துகொள்ள வேண்டும். நம் வீட்டு பில்லும், சில வருஷங்களுக்கு முன் நாம் அனுபவித்த மின்வெட்டும் அதோடு சம்பந்தப்பட்டவை. பெரிய ஊர்களை வைத்து இதை விளக்கினால் தலை சுற்றும். அதனால் ஒரு சின்னத் தீவுக்குப் போவோம்.

யாழ்ப்பாணத்துக்கு மேற்கே ஊர்காவற்றுறைத் துறைமுகத்தில் படகு ஏறினால் அனலைதீவு, எழுவைதீவு என்ற தீவுகளுக்குப் போகலாம். எழுவைதீவு இரண்டிலும் சிறியது. பனைமரம், மீன்பிடி, சில நூறு சனம். நம் பக்கத்துத் தோட்டங்களில் ஒரு பெரிய டிவிஷனில் இருக்கும் ஆட்களைவிடக் கூட இருக்க மாட்டார்கள். நாடு முழுக்க ஓடும் பெரிய மின்கம்பி அங்கே போகவில்லை, நடுவில் கடல். அதனால் தீவுக்கு வேண்டிய கரண்டைத் தீவிலேயே எடுக்க வேண்டும். முன்பு டீசல் எஞ்சின்தான். டீசலோ படகில் வர வேண்டும். கடல் கொந்தளித்தால் அதுவும் சிரமம்.

பிறகு ஆசிய அபிவிருத்தி வங்கியின் உதவியோடு இலங்கை மின்சார சபை அங்கே ஒரு கலப்பு மின் நிலையம் அமைத்தது. 2016 அளவில் வந்த ஏற்பாடு அது. வெயிலில் கரண்ட் எடுக்கும் சூரியத் தகடுகள் சுமார் 46 கிலோவாட். சிறிய காற்றாலைகள் எல்லாம் சேர்ந்து சுமார் 20 கிலோவாட். மிச்சமாகும் கரண்டைச் சேர்த்து வைக்க சுமார் 100 யூனிட் பிடிக்கும் பற்றரி. இவை போதாத வேளைக்கு 30 கிலோவாட் அளவில் ஒரு டீசல் எஞ்சின். நாடு முழுவதற்கும் உள்ள மின்சார அமைப்பைச் சுருக்கி உள்ளங்கையில் வைத்துக் காட்டியது மாதிரி.

யூனிட் என்றால் என்ன என்று ஒரு தரம் சொல்லிவிடுவோம். 1,000 வாட் சாமான் ஒன்று ஒரு மணித்தியாலம் ஓடினால் ஒரு யூனிட். இஸ்திரிப் பெட்டி ஏறக்குறைய 1,000 வாட். ஒரு 9 வாட் எல்.ஈ.டி. பல்பு ஒரு யூனிட்டை எரித்து முடிக்க 111 மணித்தியாலம் வேண்டும்.

இப்போது கணக்குப் பார்ப்போம். தீவில் 100 வீடு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பகல் பன்னிரண்டு மணிக்கு வெயில் கொளுத்துகிறது, தகடுகள் கரண்டைக் கொட்டுகின்றன. ஆனால் அந்த நேரத்தில் வீட்டில் யார் லைட் போடுகிறார்கள்? அதனால் பற்றரி நிரம்புகிறது. மாலை ஆறு மணிக்கு வெயில் போய்விடும். ஆறரைக்கு எல்லா வீட்டிலும் லைட், டிவி, காற்றாடி. வெயில் இருக்கும்போது ஆள் இல்லை, ஆள் இருக்கும்போது வெயில் இல்லை!

பற்றரியில் இருப்பது 100 யூனிட். வீடு 100. வீட்டுக்கு ஒரு யூனிட். இரண்டு எல்.ஈ.டி. பல்பு நாலு மணித்தியாலமும், சின்ன டிவி மூன்று மணித்தியாலமும், ஒரு காற்றாடி இராத்திரி எட்டு மணித்தியாலமும் ஓடினால் ஏறக்குறைய முக்கால் யூனிட் ஆகும். சமாளிக்கலாம். ஆனால் அன்றைக்கே எல்லா வீட்டிலும் அரை மணி நேரம் பள்ளிக்கூட உடுப்பை இஸ்திரி போட்டால் கணக்கு ஒன்றேகால் யூனிட்டுக்குப் போய்விடும். பற்றரி காலி. அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. 100 இஸ்திரிப் பெட்டியும் ஒரே நேரத்தில் சூடேறினால் அந்த நிமிஷத்துக்கு 100 கிலோவாட் வேண்டும். டீசல் எஞ்சினால் கொடுக்க முடிந்தது 30. காற்று நன்றாக அடித்தால் இன்னும் 20. அவ்வளவுதான். குளிர்சாதனப் பெட்டி உள்ள வீடுகளை இதில் நாம் சேர்க்கவே இல்லை. சேர்த்தால் கணக்கு இன்னும் இறுகும்.

அதே இஸ்திரியைப் பகல் பன்னிரண்டு மணிக்கு ஆள் மாற்றி ஆள் போட்டிருந்தால்? வெயிலிலேயே முடிந்திருக்கும். படகில் டீசல் வரத் தேவையில்லை. இஸ்திரிப் பெட்டி ஒன்றுதான், யூனிட்டும் ஒன்றுதான். நேரம் மட்டும் வேறு. மாலை யூனிட்டும் பகல் யூனிட்டும் மீற்றரில் ஒரே மாதிரி ஓடினாலும் அவற்றைச் செய்ய ஆகும் செலவு ஒன்றல்ல. காசு தரும் திட்டம் எல்லாம் இந்த ஒரு விஷயத்தில்தான் நிற்கின்றன.

நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றுக்கும் இதே மாதிரி, இன்னும் பெரிதாகச் செய்ய 2024 மார்ச் 1ஆம் திகதி ஓர் ஒப்பந்தம் கைச்சாத்தானது. இந்திய அரசின் நன்கொடைப் பணம். 1,700 கிலோவாட் சூரிய சக்தி, 530 கிலோவாட் காற்று, 2,400 யூனிட் பற்றரி என்று திட்டம். முதலில் 2021இல் ஒரு சீனக் கம்பனிக்குக் கொடுக்கத் தீர்மானித்து, இந்தியா ஆட்சேபித்து, அது நின்றுபோன கதை தனிக் கதை. நாம் கவனிக்க வேண்டியது அந்தப் பற்றரியின் அளவை. வெயிலை இராத்திரிக்குக் கொண்டுபோக அவ்வளவு பெரிய பெட்டி தேவைப்படுகிறது.

தீவிலிருந்து மலைக்கு

இனி நம் பக்கம் வருவோம். நாடு முழுவதற்கும் மாலை ஆறரை முதல் இரவு பத்தரை வரை உச்ச நேரம் என்று மின்சாரக்காரர் வைத்திருக்கிறார்கள். அந்த நேரத்தில் நாட்டுக்கு வேண்டிய கரண்ட் 2,500 மெகாவாட் அளவுக்குப் போகும். விடியற்காலை மூன்று மணிக்கு அதில் ஏறக்குறைய பாதிதான். அந்த நாலு மணி நேரத்துக்காகவே பல மின் நிலையங்களைக் கட்டி, ஆள் வைத்து, மற்ற நேரமெல்லாம் சும்மா நிறுத்தி வைக்க வேண்டியிருக்கிறது. பெரட்டில் பேர் கொடுத்த எல்லாருக்கும் நாள் முழுக்கச் சம்பளம் கொடுத்து, நாலு மணி நேரம் மட்டும் வேலை வாங்குவது போல.

புத்தளத்து நுரைச்சோலை நிலக்கரி நிலையம் ஒரே சீராக ஓடக்கூடியது. சட்டென்று கூட்டிக் குறைப்பது அதற்குக் கஷ்டம். அதைச் செய்யக்கூடியது தண்ணீர். மதகைத் திறந்தால் சில நிமிஷத்தில் கரண்ட். அந்தத் தண்ணீர் எங்கே இருக்கிறது? நம் மலையில். காசல்றி, மவுசாக்கலை நீர்த்தேக்கங்கள், 1950இல் ஓடத் தொடங்கிய பழைய லக்ஷபான, கொத்மலை, 2012இல் தலவாக்கலையில் வந்த 150 மெகாவாட் மேல் கொத்மலை எல்லாம் நாம் பார்த்துக்கொண்டு போகிற இடங்கள்தான். மவுசாக்கலைத் தண்ணீருக்குக் கீழே பழைய மஸ்கெலியா டவுன் கிடக்கிறது. வறட்சியில் தண்ணீர் இறங்கினால் பழைய கோயில் தலைகாட்டுவதைப் பார்க்க இன்றைக்கும் சனம் போகிறது. பெரியவர்கள் அந்த டவுனில் சாமான் வாங்கிய கதை சொல்வார்கள்.

ஆக, கொழும்பில் மாலை ஏழு மணிக்கு லைட் எரிவதற்கு நம் மலைத் தண்ணீர் இறங்குகிறது. நம்முடைய லயங்களில் பலவற்றுக்குக் கரண்ட் வந்ததோ அந்த அணைகள் கட்டிப் பல வருஷம் கழித்து. இதை ஆதங்கமாகத்தான் எழுதுகிறோம், மறைப்பானேன்.

மழை பொய்த்த மாதங்களில் அந்தத் தண்ணீரை மிச்சம் பிடிக்க வேண்டும். அப்போது மாலை நேரத்துக்கு எண்ணெய் எரிக்கும் நிலையங்களை ஓட விடுவார்கள். எண்ணெய் டொலர் கொடுத்து வாங்குவது. 2022இல் டொலர் இல்லாமல் போனபோது என்ன நடந்தது என்று உங்களுக்கு நாம் சொல்லத் தேவையில்லை. அந்த வருஷம் மார்ச் 31ஆம் திகதி 13 மணித்தியாலம் மின்வெட்டு. குப்பி விளக்கைத் தேடி எடுத்த வீடுகள் எத்தனை!

இன்றைக்கு நிலைமை இன்னொரு விதமாகத் திரும்பியிருக்கிறது. வசதியுள்ள வீடுகளின் கூரையில் சூரியத் தகடு பெருகிப்போய், விடுமுறை நாள் பகலில் கரண்ட் மிஞ்சுகிறது. 2025 சித்திரைப் புத்தாண்டு சமயம் பகலில் தகடுகளை நிறுத்தி வையுங்கள் என்று மின்சார சபையே கேட்டுக்கொண்டது. பகலில் வேண்டாம் என்கிற அளவு, இரவில் எண்ணெய் எரிக்கிற அளவு. எழுவைதீவுக் கதை அப்படியே நாட்டுக் கதையாகிவிட்டது.

காசு கொடுத்த நாடுகள்

இங்கிலாந்தில் 2022-23 குளிர்காலத்தில் மின்தொகுதியை நடத்தும் நிறுவனம் ஒரு திட்டம் கொண்டுவந்தது. எரிவாயு விலை ஏறியிருந்த நேரம். "நாளைக்கு மாலை ஐந்திலிருந்து ஆறு வரை குறைத்துப் பாவியுங்கள்" என்று முந்திய நாளே போனில் செய்தி வரும். குறைத்த யூனிட்டுக்குப் பணம். சோதனை ஓட்டங்களுக்கு யூனிட்டுக்கு மூன்று பவுண் உத்தரவாத விலை வைத்தார்கள். 16 இலட்சம் வீடுகளும் வியாபார இடங்களும் அந்தக் குளிர்காலத்தில் சேர்ந்தன. 2023 ஜனவரி 23ஆம் திகதி மாலைதான் சோதனையாக இல்லாமல் உண்மையாகவே தேவைப்பட்டு அதைப் பாவித்த முதல் நாள்.

எவ்வளவு குறைத்தீர்கள் என்று எப்படித் தெரியும்? அங்கேதான் சூட்சுமம். அரை மணிக்கு ஒரு தரம் தானே கணக்கு எழுதும் மீற்றர் வேண்டும். அதே நேரத்தில் முந்திய நாட்களில் நீங்கள் வழக்கமாக எவ்வளவு எரித்தீர்கள் என்று பார்ப்பார்கள். இன்றைக்கு எவ்வளவு என்று பார்ப்பார்கள். வித்தியாசத்துக்குக் காசு. வழக்கமாக அடுப்பு, துணி தோய்க்கும் மெஷின், ஹீட்டர் எல்லாம் போடுகிற வீடு அவற்றை ஒரு மணி நேரம் நிறுத்தினால் நல்ல காசு. வழக்கமாகவே இரண்டு பல்பு மட்டும் போடுகிற வீட்டுக்கு நிறுத்த என்ன இருக்கிறது? அந்த அக்கா சிரித்துக்கொண்டு சொன்னது இதைத்தான். ஏற்கெனவே சிக்கனமாக இருப்பவருக்கு இந்தத் திட்டத்தில் பரிசு குறைவு. இது இந்த முறையில் உள்ள பெரிய ஓட்டை என்பது நமது அபிப்பிராயம்.

அந்த ஓட்டையை ஓரளவு அடைத்தது பிரேசில் நாடு. நம்மைப் போலவே அதுவும் தண்ணீரை நம்பி இருக்கிற நாடு. 2001இல் மழை பொய்த்து நீர்த்தேக்கங்கள் வற்றின. ஜூன் மாதத்திலிருந்து அடுத்த பெப்ரவரி வரை, முந்திய வருஷத்துப் பாவனையில் ஐந்தில் ஒரு பங்கைக் குறைக்க வேண்டும் என்று கட்டளை போட்டார்கள். இது மாலை நேரத்துக்கு மட்டுமல்ல, மாதம் முழுவதற்கும். ஆனால் மாதம் 100 யூனிட்டுக்குக் கீழே எரிக்கும் ஏழை வீடுகளுக்குக் கட்டாயம் இல்லை, அபராதமும் இல்லை. அவர்கள் தாமாகக் குறைத்தால், மிச்சம் பிடித்த ஒரு ரியாலுக்கு இரண்டு ரியால் என்ற கணக்கில் பரிசு. நிறைய எரிக்கும் வீடுகளுக்கோ கூடுதல் கட்டணம், கேட்காவிட்டால் இணைப்பையே வெட்டுவோம் என்ற எச்சரிக்கை. சனம் பல்பை மாற்றியது, பிரிட்ஜை நிறுத்தியது, நாடு முழுவதையும் சுற்றுமுறையில் இருட்டில் போடாமல் தப்பித்தார்கள். பரிசு யாருக்கு, தண்டனை யாருக்கு என்று பிரித்துப் பார்த்ததுதான் நமக்குப் பிடித்த விஷயம்.

பிரான்சில் வேறு வழி. வருஷத்து நாட்களுக்கு நிறம் கொடுத்திருக்கிறார்கள். நீல நாள் 300, வெள்ளை நாள் 43, சிவப்பு நாள் 22. குளிர்காலத்துச் சிவப்பு நாளில் பகல் யூனிட் பல மடங்கு விலை. நீல நாளில் மலிவு. நாளைக்கு என்ன நிறம் என்று முதல் நாளே சொல்லிவிடுவார்கள்.

இலங்கையில் என்ன இருக்கிறது?

நேரத்துக்கு ஒரு விலை என்கிற கட்டணம் இங்கேயும் வீடுகளுக்கு உண்டு, ஆனால் விரும்பினால் மட்டும், அதுவும் பெரிய மூன்று பேஸ் இணைப்பு உள்ள வீடுகளுக்கு. 2022க்கு முன் பல வருஷம் இருந்த விலையைப் பாருங்கள்: பகல் யூனிட் 25 ரூபாய், மாலை ஆறரை முதல் பத்தரை வரை 54 ரூபாய், அதற்குப் பிறகு விடியற்காலை ஐந்தரை வரை 13 ரூபாய். உச்ச நேர யூனிட் நடுச்சாம யூனிட்டைப் போல நாலு மடங்கு. விலைகள் பிறகு பல தடவை மாறிவிட்டன, நேரங்கள் அவைதான்.

நம் லயத்தில் உள்ள சாதாரண மீற்றருக்கு நேரம் தெரியாது. ஏழு மணிக்கு எரித்தாலும் பன்னிரண்டுக்கு எரித்தாலும் அதற்கு ஒன்றுதான். ஆகவே மாலையில் குறைத்ததற்காக உங்கள் பில்லில் தனியாக ஒரு ரூபாயும் குறையாது. யாராவது குறையும் என்றால் நம்ப வேண்டாம்.

ஆனால் வேறு ஒரு பரிசு ஏற்கெனவே பில்லுக்குள் ஒளிந்திருக்கிறது, பல வீடுகளில் அது தெரியாமலே நழுவிப் போகிறது. வீட்டுக் கட்டணத்தில் மாதம் 60 யூனிட் என்பது ஒரு கோடு. அதற்குள் நின்றால் 30 வரை ஒரு விலை, 31இலிருந்து 60 வரை ஒரு விலை. 60ஐத் தாண்டினால் கடைசி இரண்டு யூனிட்டுக்கு மட்டும் விலை ஏறும் என்று நினைப்பீர்கள். அப்படி இல்லை. தாண்டியவருக்குத் தனி அட்டவணை. முதல் 60 யூனிட்டுக்கும் அந்த அட்டவணை விலைதான், மாதாந்த நிலையான கட்டணமும் மாறும். 58க்கும் 62க்கும் நாலு யூனிட் வித்தியாசம்தான், பில்லில் அது நாலு யூனிட் வித்தியாசமாக இருக்காது. இன்னொன்று, இந்த 60 என்பது 30 நாளுக்கு. மீற்றர் வாசிப்பவர் 33ஆம் நாள் வந்தால் கோடு 66க்கு நகரும். பில்லில் எத்தனை நாளுக்குக் கணக்கு என்று போட்டிருக்கும், அதையும் பாருங்கள்.

எதைக் குறைப்பது? பிள்ளை படிக்கும் லைட்டை அணைக்காதீர்கள்! மாலை ஆறரை முதல் பத்தரை வரை தினமும் எரிந்தாலும் ஒரு 9 வாட் பல்புக்கு மாதம் ஒரு யூனிட்தான் வருகிறது. பழைய 60 வாட் குண்டு பல்பு இன்னும் தொங்கினால் அதே நேரத்துக்கு ஏழு யூனிட்டுக்கு மேல். அதை முதலில் கழற்றுங்கள். ஒவ்வொரு நாளும் அரை மணி இஸ்திரி போட்டால் மாதம் 15 யூனிட். ஞாயிற்றுக்கிழமை பகலில் ஒரே மூச்சாகக் கிழமைக்கு உள்ள உடுப்பைப் போட்டால், பெட்டி திரும்பத் திரும்பச் சூடேறும் செலவு மிச்சம், மாலை நேரச் சுமையும் இல்லை. கரண்ட் கேத்தல், தண்ணீர் சுட வைக்கும் கம்பிச் சுருள் இவையும் அதே சாதி. விறகு அடுப்பு எரிகிற வீட்டில் அடுப்போரத்தில் ஒரு பானை தண்ணீர் வைத்தால் காலையில் குளிக்கிற பிள்ளைக்குப் போதும். எங்கள் வீட்டு அம்மாக்கள் இதை நமக்கு முன்பே கண்டுபிடித்துவிட்டார்கள்.

ஒரு கிழமைக்கு ஒரு சின்ன வேலை செய்து பாருங்கள். மாலை ஆறரைக்கு மீற்றர் எண்ணைக் கொப்பியில் எழுதுங்கள், பத்தரைக்கு அல்லது படுக்கப் போகும்போது மறுபடி எழுதுங்கள். அடுத்த நாள் காலையிலும் ஒரு தரம். பள்ளிக்கூடப் பிள்ளையிடம் கொடுத்தால் சந்தோஷமாகச் செய்யும். எந்த நேரம் எவ்வளவு போகிறது என்று உங்களுக்கே தெரிந்துவிடும். எந்த நாள் இஸ்திரி போட்டீர்கள் என்பதையும் பக்கத்தில் குறித்து வையுங்கள்.

இதெல்லாம் தனி மீற்றர் உள்ள வீட்டுக்கு. சில லயங்களில் இன்னும் பல வீட்டுக்கு ஒரே மீற்றர், மொத்தத்தைப் பங்கு போட்டுப் பிடிக்கிறார்கள். அங்கே ஒருவர் குறைத்தால் இலாபம் எல்லாருக்கும் பிரிந்துபோகும், ஒருவர் ஹீட்டர் போட்டால் செலவும் பிரிந்துபோகும். பங்கு போட்டால் 60 யூனிட் கோடும் அர்த்தமில்லாமல் போய்விடும். இப்படி இருந்தால் வீட்டுக்கு வீடு சண்டை பிடிப்பதை விட்டு, எத்தனை வீடு, மாத மொத்தம் எவ்வளவு, ஒரு வீட்டில் எவ்வளவு பிடிக்கப்பட்டது என்று மூன்று மாதக் கணக்கை எழுதி, லயத்தார் எல்லாரும் கையெழுத்துப் போட்டு, தனி இணைப்புக்கு என்ன வழி என்று தோட்ட நிர்வாகத்திடமும் பிரதேச மின்சார அலுவலகத்திடமும் கேளுங்கள். எழுத்தில் கேளுங்கள், பிரதியை வைத்துக்கொள்ளுங்கள். எந்த நாட்டில் எந்தப் பரிசுத் திட்டம் வந்தாலும் அது மீற்றரைப் பார்த்துத்தான் வரும். வீட்டுக்கு மீற்றர் இல்லையென்றால் பட்டியலில் அந்த வீடே இருக்காது.

கடைசியாக ஒரு எச்சரிக்கை. பிளக்கில் குத்தினால் பில் பாதியாகும் என்று ஒரு சின்னப் பெட்டியை விற்கிறார்கள். அதற்குள் இருப்பது பெரும்பாலும் ஒரு கெப்பாசிட்டரும் ஒரு சின்ன லைட்டும். வீட்டு மீற்றர் அளக்கிற யூனிட்டை அது குறைக்காது. அதேபோல, கரண்ட் மிச்சம் பிடித்தால் காசு வரும், அதற்குப் பதிய இவ்வளவு கட்டுங்கள் என்று யாராவது லயத்துக்கு வந்தாலோ போனில் கேட்டாலோ ஒரு சதமும் கொடுக்க வேண்டாம். அடையாள அட்டை இலக்கமும் வங்கி இலக்கமும் சொல்ல வேண்டாம். உண்மையாக ஒரு திட்டம் வந்தால், சேரக் காசு கேட்க மாட்டார்கள், பில் வருகிற அதே அலுவலகத்திலிருந்துதான் அறிவித்தல் வரும்.